வாடகைக்கு ஏபிஐ: எக்ஸ், ரெடிட், மெட்டா... எதை நம்பிச் செயலி எழுதலாம்?

சமூக வலைத்தளங்களின் ஏபிஐ, அதாவது வெளியார் செயலிகள் பதிவுகளைப் படிக்கவும் எழுதவும் திறந்துவிடும் வாசல், இலவசமாகக் கிடைத்த காலம் 2023-ஓடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. இப்போது அது விலைப்பட்டியலும் ஒப்பந்தமும் உள்ள ஒரு சேவை. அப்படியானால் காசு கொடுத்து வாங்கும் எந்தச் சேவையையும் போல உரசிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இந்த மதிப்பீட்டில் பார்த்திருப்பவை மூன்று: ஒரு பதிவைப் படிக்கவும் எழுதவும் என்ன செலவாகிறது, எழுதிய நிரல் எங்கே உடையும், விதி மாறும்போது எத்தனை நாள் அவகாசம் தருகிறார்கள். முதலிரண்டையும் எல்லோரும் விசாரிக்கிறார்கள். மூன்றாவதை விசாரிக்காதவர்கள்தான் செயலியை மூடிவிட்டுப் போனார்கள்.

எக்ஸ்

பட்டியலில் கடைசி இடம் இதற்குத்தான், விலையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும்கூட.

எக்ஸ், ட்விட்டர் என்ற பெயரில் இருந்தபோது, அதன் ஏபிஐ 2006 செப்டம்பரில் வந்தது. நிறுவனத்துக்கென்று கைபேசிச் செயலி இல்லாத ஆண்டுகளில் ட்விட்டரிஃபிக், ட்வீட்டி போன்ற வெளியார் செயலிகள்தான் ஐஃபோனில் அதை ஓட்டின. பறவைச் சின்னம்கூட முதலில் ட்விட்டரிஃபிக்கில்தான் தோன்றியது. 2010-இல் ட்வீட்டியை விலைக்கு வாங்கி, அதையே அதிகாரபூர்வச் செயலியாக்கினார்கள். மறு ஆண்டு மார்ச்சிலேயே, டைம்லைனைக் காட்டும் கிளையன்டுகளை (ட்விட்டரையே முழுதாகப் பயன்படுத்த உதவும் வெளியார் செயலிகளை) இனி எழுத வேண்டாம் என்ற தொனியில் டெவலப்பர்களுக்கு அறிவிப்பு வந்தது. 2012 ஆகஸ்ட்டில் அது எண்ணாகவே மாறியது: ஒரு கிளையன்டுக்கு 1,00,000 பயனர் டோக்கன் (ஒரு பயனர் செயலிக்குத் தரும் அனுமதிச் சீட்டு); ஏற்கெனவே தாண்டியவர்களுக்கு அன்றைய எண்ணிக்கையின் இரு மடங்கு. ஆண்ட்ராய்டில் ஃபால்கன் ப்ரோ 2013-இல் அந்த வரம்பில் முட்டி நின்றது. வாங்கிப் பார்த்துவிட்டு அனுமதியை ரத்து செய்யாமல் செயலியை மட்டும் நீக்கியவரும், திருட்டுப் பிரதியில் உள்ளே வந்தவரும் ஆளுக்கொரு டோக்கனைப் பிடித்துக்கொண்டார்கள். காசு கொடுத்து வந்த புதியவருக்கு இடமில்லாமல் போனது.

2018 ஆகஸ்ட் 16-இல் யூசர் ஸ்ட்ரீம்ஸ் போயிற்று. ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் என்ற இரு கிளையன்டுகளிலும் புதுப் பதிவுகள் தாமாக வந்து விழுவது நின்றது. மாற்றாகக் காட்டப்பட்ட அக்கவுன்ட் ஆக்டிவிட்டி ஏபிஐயின் விலை 250 கணக்குகளுக்கு மாதம் 2,899 டாலர். ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் கிளையன்டுக்கு இது கட்டுபடியாகாது என்பது விலை போட்டவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

2023-இல் நடந்ததை நாள்வாரியாகப் பார்த்தால்தான் அந்தச் சேவையின் தரம் புரியும். ஜனவரி 12, அமெரிக்க நேரப்படி இரவு, பெரிய கிளையன்டுகளின் இணைப்பு அறுந்தது. முன்னறிவிப்பு இல்லை. ஜனவரி 17-இல்தான், நெடுநாளாக இருக்கும் விதிகளை அமல்படுத்துகிறோம் என்று ஒற்றைவரி விளக்கம் வந்தது. எந்த விதி என்று சொல்லவில்லை. ஜனவரி 19-இல் டெவலப்பர் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, ட்விட்டர் செயலிகளுக்கு மாற்றான அல்லது அவற்றைப் போன்ற சேவையை உருவாக்கக் கூடாது என்ற விதி அதில் சேர்ந்தது. தண்டனை முதலில் வந்தது, சட்டம் ஒரு வாரம் கழித்து வந்தது. அந்த விதி இருக்கும்வரை எவ்வளவு பணம் கட்டினாலும் எக்ஸுக்கு முழு கிளையன்ட் எழுத முடியாது. விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

இனி விலை. 2023 மார்ச் இறுதியில் வந்த திட்டங்களில் பேசிக் மாதம் 100 டாலர். மே மாதம் வந்த ப்ரோ 5,000 டாலர். 2024 அக்டோபரில் பேசிக் 200 டாலராகி, மாதம் 15,000 பதிவுகள் படிக்கலாம் என்றானது. ப்ரோவில் 10 லட்சம். இங்கே எண்ணப்படுவது கோரிக்கை (செயலி ஒருமுறை கேட்பது, அழைப்பு என்றும் சொல்வார்கள்) அல்ல, பதிவு. ஒரே அழைப்பில் 100 பதிவுகள் வாங்கினால் 100 கழியும். பேசிக்கில் ஒரு பதிவைப் படிக்க 1.3 சென்ட்டுக்கு மேல், ப்ரோவில் அரை சென்ட். பேசிக்கின் 15,000-ஐ 30 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 500 பதிவுகள். காபி குடித்துக்கொண்டே ஒருவர் விரலால் தள்ளிவிடும் அளவு. ரூபாயில் மாதம் பதினேழாயிரத்துக்கு மேல் கொடுத்து ஒரே ஒருவருக்கான டைம்லைன் கிடைத்தது. இரண்டு திட்டங்களுக்கும் நடுவே 4,800 டாலர் பள்ளம். சிறு நிறுவனங்கள் அனைத்தும் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தன. 2025 பிற்பாதியில் பயன்பாட்டுக்கேற்ற கட்டணத்தைச் சோதிக்கத் தொடங்கினார்கள். எந்தத் திட்டமானாலும் வாங்கும் நாளில் டெவலப்பர் போர்ட்டலைத் திறந்து, பதிவு ஒன்றுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். மாதக் கட்டணம் கண்ணை ஏமாற்றும்.

இலவசத் திட்டத்தை நம்பி பாட் (தானாகப் பதிவிடும் நிரல்) எழுதியவர்களுக்கு வந்த சிக்கல் வேறு. 2024 அக்டோபர் பட்டியலில் மாதம் 500 பதிவுகள் எழுதலாம் என்றிருந்தது. ஆனால் அதற்குள்ளேயே 24 மணி நேரத்துக்கு 17 என்ற தனி வரம்பும் இருந்தது. மழை எச்சரிக்கை, ரயில் தாமதம் போன்ற பாட்கள் மாதம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் முப்பது பதிவு போட வேண்டியவை. மாதக் கணக்கில் மிச்சம் இருந்தும் பதினெட்டாவது பதிவுக்கு 429 (வரம்பு தாண்டியது) பிழை வந்தது. பதிலோடு வரும் ஹெடர்களில் (தலைப்புக் குறிப்புகளில்) 15 நிமிடக் கணக்கு ஒன்றும் 24 மணி நேரக் கணக்கு ஒன்றும் தனித்தனியே இருக்கின்றன. பல நூலகங்கள் முதலாவதை மட்டும் படித்து, பதினைந்து நிமிடம் தூங்கி எழுந்து, மறுபடி முட்டிக்கொண்டே இருக்கும். பொதுச் சேவைகளும் இந்தக் கட்டண மாற்றத்திலிருந்து தப்பவில்லை. நியூயார்க் போக்குவரத்து ஆணையம் 2023 ஏப்ரல் 27-இல் ட்விட்டரில் சேவை அறிவிப்புகளை நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் வானிலை, போக்குவரத்து, அவசர அறிவிப்பு வெளியிடும் அரசு அமைப்புகளுக்கு இலவசம் என்ற சலுகை வந்தது.

அடிக்கடி வரும் வேறு மூன்று பிழைகள். ஆப்பின் அனுமதியை 'படிக்க மட்டும்' என்பதிலிருந்து 'படிக்க, எழுத' என்று மாற்றிய பிறகு பழைய அக்சஸ் டோக்கனையே வைத்திருந்தால் 403 (அனுமதி இல்லை) பிழை வரும். டோக்கன் பிறந்த நேரத்து அனுமதிதான் அதனுள் இருக்கும், புதிதாக உருவாக்க வேண்டும். 403-உடன் 453 என்ற எண் வந்தால், உங்கள் திட்டத்தில் இல்லாத எண்ட்பாயின்டை (ஏபிஐயில் ஒரு வேலைக்கான முகவரியை), பெரும்பாலும் பழைய 1.1 பதிப்பை, அழைத்திருக்கிறீர்கள். ஓஆத் 2 (கடவுச்சொல் தராமல் செயலிக்கு அனுமதி தரும் முறை) டோக்கன் இரண்டு மணி நேரத்தில் காலாவதியாகும். 'ஆஃப்லைன் அக்சஸ்' என்ற அனுமதியைக் கேட்டு வாங்காவிட்டால் புதுப்பிக்கும் டோக்கனே வராது. வந்தாலும் அது ஒருமுறைதான் செல்லும். இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் புதுப்பிக்க முயன்றால் ஒன்று தோற்று, பயனர் வெளியே தள்ளப்படுவார். புதுப்பிக்கும் வேலையை ஒரே இடத்தில் பூட்டுப் போட்டுச் செய்யுங்கள்.

நாளுக்குப் பத்துப் பதிவு எழுதும் பாட், அல்லது ஆய்வுக்குப் பணம் வைத்திருக்கும் நிறுவனம்: இவற்றுக்கு மட்டும் எக்ஸ். வேறு எதற்கும் வேண்டாம்.

ரெடிட்

2023 ஏப்ரல் 18-இல் கட்டணம் வரப்போகிறது என்றார்கள். எவ்வளவு என்று மே 31-இல்தான் வெளியே தெரிந்தது. ஜூலை 1 முதல் அமல். அதாவது விலை தெரிந்து 30 நாள். விலை 1,000 அழைப்புக்கு 24 சென்ட், 5 கோடி அழைப்புக்கு 12,000 டாலர். ரெடிட்டைப் படிக்க உதவிய அப்பல்லோ செயலியை எழுதிய கிறிஸ்டியன் செலிக் தன் கணக்கை வெளிப்படையாகவே வைத்தார்: முந்தைய மாதம் 700 கோடி அழைப்புகள், ஆகவே மாதம் 17 லட்சம் டாலர், ஆண்டுக்கு 2 கோடி. சராசரிப் பயனர் நாளுக்கு 344 அழைப்புகள்; ஒருவருக்கு மாதம் சுமார் 2.50 டாலர். படங்களைச் சேமித்துத் தரும் இமேஜர் தளம் அதே 5 கோடி அழைப்புக்குத் தன்னிடம் 166 டாலர்தான் வாங்குகிறது என்றும் ஒப்பிட்டார்.

இந்த 2.50 டாலர் கொள்ளை என்று பலர் எழுதினார்கள். எங்கள் கருத்து சற்று மாறுபட்டது. தீவிரமாக ரெடிட் படிப்பவர் மாதம் 4 டாலர் தரத் தயாராக இருப்பார். ரிலே, நார்வால் என்ற இரு ரெடிட் செயலிகளும் சந்தா முறைக்கு மாறித் தப்பியதே சாட்சி. ரிலே பயன்பாட்டளவுக்கேற்பப் பல அடுக்குச் சந்தா வைத்தது. ஆனால் ஆண்டுச் சந்தாவை ஏற்கெனவே விற்றுவிட்ட செயலியால் 30 நாளில் அப்படித் திரும்ப முடியாது. பழைய சந்தாக்காரர்கள் கட்டிய விலைக்கு மாதங்கள் பாக்கியிருக்கும். புதிய செலவோ முதல் நாளிலிருந்து ஓடும். அதே விலையை ஆறு மாத அவகாசத்தோடு அறிவித்திருந்தால் அப்பல்லோவும் சிங்க்கும் ரெடிட் இஸ் ஃபன்னும் 2023 ஜூன் 30-இல் மூடியிருக்கத் தேவையிருந்திருக்காது. ஜூன் 12 முதல் ஆயிரக்கணக்கான சப்ரெடிட்கள் (ரெடிட்டின் தனித்தனிக் குழுக்கள்) கதவைச் சாத்திப் போராடியும் தேதி நகரவில்லை.

பார்வைக் குறையுள்ளோர் பயன்படுத்தும் ரெட்ரீடர், டிஸ்டோபியா, லூனா போன்றவற்றுக்கு விலக்கு கிடைத்தது. அந்தப் பயனர்கள் சத்தமாகக் கேட்டதால் கிடைத்த விலக்கு அது. வணிக நோக்கமில்லாத அணுகல் செயலிகளுக்கு மட்டும்தான்.

தரவு யாருக்காகப் பூட்டப்பட்டது என்பதும் பிறகு தெரிந்தது. 2024 மார்ச்சில் பங்குச் சந்தைக்குப் போகும் முன் தாக்கல் செய்த ஆவணத்தில், தரவு உரிமம் வழங்கும் ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 20.3 கோடி டாலர் என்று காட்டியிருந்தார்கள். கூகுளும் ஓப்பன்ஏஐயும் அதே ஆண்டு வாடிக்கையாளர்கள் ஆயின. மொழி மாதிரிகளுக்குப் பயிற்சி தருபவர்களிடம் விற்க வேண்டிய சரக்கை, படிக்கும் செயலிகளுக்கு இலவசமாக விட்டுவைக்க முடியாது; இரண்டுக்கும் ஒரே குழாய்தான்.

சிறு கருவிகளுக்கு ரெடிட் இன்னும் பயன்படும். வணிகமில்லாத பயன்பாட்டுக்கு, ஓஆத் வழியாக வந்தால், ஒரு கிளையன்ட் ஐடிக்கு (செயலியைப் பதிவு செய்யும்போது கிடைக்கும் அடையாளத்துக்கு) நிமிடத்துக்கு 100 அழைப்புகள் இலவசம். ஓஆத் இல்லாமல் வருபவர்களுக்கு 2023 அறிவிப்பில் 10 என்றிருந்தது. இந்த 100, பத்து நிமிடச் சராசரியாகக் கணக்கிடப்படுகிறது. எனவே ஒரு நிமிடத்தில் 300 போய்விட்டு அடுத்த சில நிமிடம் அமைதியாக இருந்தாலும் பிழை வராது. ஆனால் வரம்பு கிளையன்ட் ஐடிக்கு, பயனருக்கு அல்ல. நாள் முழுவதும் ஒரு நொடியும் வீணாக்காமல் பயன்படுத்தினால் 1,44,000 அழைப்புகள். அப்பல்லோவின் சராசரியில் பார்த்தால் சுமார் 418 பேர். மாலை நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வருவார்கள் என்பதால் நடைமுறையில் நூறு பேரைத் தாண்டினாலே மூச்சு முட்டும்.

நிரல் எழுதுகிறவர்கள் பார்க்க வேண்டியவை: யூசர் ஏஜென்டில் (செயலி தன்னை அறிமுகப்படுத்தும் வரியில்) இயங்குதளம், செயலியின் பெயர், பதிப்பு, உங்கள் ரெடிட் பெயர் நான்கும் இருக்கட்டும். பைத்தான் நூலகத்தின் இயல்புப் பெயரோடு போனால் வரம்புக்கு வெகு முன்னரே 429 வரும். எந்தப் பட்டியலையும் ஏறக்குறைய 1,000 பதிவுகளுக்கு மேல் பின்னோக்கிப் போக முடியாது. ஒரு பக்கத்துக்கு 100, அடுத்த பக்கத்துக்கு, முந்தைய பதிலில் வந்த 'ஆஃப்டர்' மதிப்பை அனுப்ப வேண்டும். பழைய பதிவுகளைத் தேட உதவிய புஷ்ஷிஃப்ட் 2023 மே மாதம் துண்டிக்கப்பட்டு, பின்னர் மாடரேட்டர்களுக்கு மட்டும் திறந்தது. ஆகவே ஒரு சப்ரெடிட்டின் வரலாறு வேண்டுமென்றால் இன்றிலிருந்து நீங்களே சேமிக்கத் தொடங்க வேண்டும். ஜூலை 2023-க்குப் பிறகு வயது வந்தோருக்கான உள்ளடக்கம் வெளியார் செயலிகளுக்கு முடக்கப்பட்டது. சோதனையில் சில பதிவுகள் காணாமல் போவதற்குக் காரணம் தேடி அலையாதீர்கள்.

பயனரே தன் பெயரில் கிளையன்ட் ஐடி எடுத்துச் செயலியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு குறுக்குவழி பல கிளையன்டுகளைத் தாங்கிப் பிடித்தது. 2025 நவம்பரில் புதிய ஐடிக்கு முன் அனுமதி கட்டாயமானதும் அந்த வழியும் குறுகியது.

மெட்டா

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா, எக்ஸைப் போல நடுராத்திரியில் வெட்டுவதில்லை. பெரும்பாலும் தேதி சொல்லிவிட்டுத்தான் மூடுகிறார்கள். ஆனால் மூடுவது நிற்பதே இல்லை.

2014-இல் ஃபேஸ்புக்கின் கிராஃப் ஏபிஐ 2.0 வந்து, நண்பர்களின் தரவை எடுக்கும் வழி ஓராண்டு அவகாசத்தில் 2015 ஏப்ரல் 30-இல் அடைபட்டது. அதற்கு முன் அந்த வழியில் எடுக்கப்பட்ட தரவுதான் 2018 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரமாக வெடித்தது. அடுத்த சில வாரங்கள் மெட்டாவும் அவசரப்பட்டது: இன்ஸ்டாகிராம் ஏபிஐயின் வரம்பு பயனருக்கு மணிக்கு 5,000 அழைப்புகளிலிருந்து 200 ஆனது, சொல்லாமலேயே. 2018 ஆகஸ்ட் 1 முதல் தனிநபர் ஃபேஸ்புக் பக்கத்தில் செயலி வழியாகப் பதிவிட முடியாது. 2024-இல் மட்டும் குரூப்ஸ் ஏபிஐ ஏப்ரலில், பதிவுகளின் பரவலைக் கண்காணிக்க உதவிய கிரவுட்டாங்கிள் ஆகஸ்ட் 14-இல், இன்ஸ்டாகிராம் பேசிக் டிஸ்ப்ளே டிசம்பர் 4-இல் என்று மூன்று போயின. கடைசியானதுதான் வலைத்தளங்களில் தனிநபர் இன்ஸ்டாகிராம் படங்களைக் காட்டிய ப்ளக்இன்கள் பலவற்றின் அடித்தளம். இன்று இன்ஸ்டாகிராம் ஏபிஐ தொழில்முறைக் கணக்குகளுக்கு மட்டும்: பிசினஸ் அல்லது கிரியேட்டர். வாடிக்கையாளர் ஒருவர் பழைய ப்ளக்இன் உடைந்துவிட்டது என்று வந்தால், முதல் வேலை அவர் கணக்கு எந்த வகை என்று பார்ப்பது.

கடைப் பக்கங்களுக்கும் உணவகங்களுக்கும் பதிவிடும் கருவி எழுதுபவர்களுக்கு மெட்டாதான் இன்னும் சரியான தேர்வு, கட்டணம் இல்லை. செலவாவது நேரம். இன்ஸ்டாகிராமில் பதிவிடுவது இரண்டு படி: முதலில் 'மீடியா' எண்ட்பாயின்டில் கண்டெய்னர் (வெளியிடும் முன் பதிவை வைத்திருக்கும் தற்காலிக உறை) உருவாக்க வேண்டும், பிறகு அதன் ஐடியை 'மீடியா பப்ளிஷ்' எண்ட்பாயின்டுக்கு அனுப்ப வேண்டும். படத்தைப் பொது முகவரி ஒன்றில் வைத்துவிட்டு அந்த முகவரியைத் தருவதுதான் வழக்கமான முறை. மெட்டாவின் சர்வர் அதை வந்து எடுக்கும். உங்கள் சர்வரின் ஃபயர்வால் அதைத் தடுத்தால் பிழைச்செய்தி படத்தின் வடிவத்தைக் குறைசொல்லும். குழம்ப வேண்டாம், சர்வர் லாகைப் பாருங்கள். படம் ஜேபெக்காக இருக்கட்டும். கண்டெய்னர் 24 மணி நேரத்தில் காலாவதி. எனவே அடுத்த வாரப் பதிவுக்கு இன்றே கண்டெய்னர் செய்து வைக்க முடியாது, நேரம் குறிக்கும் வேலை உங்கள் பக்கமே நடக்க வேண்டும். வீடியோவுக்குக் கண்டெய்னர் தயாராகும்வரை நிலையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உடனே வெளியிட முயன்றால் பிழை.

மெட்டா செயலியைப் பரிசீலித்து அனுமதிக்கும் ஆப் ரிவ்யூதான் உண்மையான சுவர். ஒவ்வோர் அனுமதிக்கும், அதைச் செயலியில் எங்கே பயன்படுத்துகிறீர்கள் என்று திரைப்பதிவு எடுத்துத் தர வேண்டும். நிறுவனச் சான்றும் வேண்டும். நிராகரிப்புக்குப் பெரும்பாலும் காரணம் எளிமையானது: திரைப்பதிவில் லாகின் திரை இல்லை, அல்லது கேட்ட அனுமதி எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. தேவைக்கு மேல் ஒரு அனுமதிகூடக் கேட்காதீர்கள். டெவலப்மென்ட் மோடில் (சோதனை நிலையில்) எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதே என்று நம்பிவிடுபவர்கள் அதிகம். அந்த நிலையில் பக்கத்தில் இட்ட பதிவுகள் ஆப்பில் பொறுப்பு வகிப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். குறுகிய காலத்துக்கான டோக்கன் ஒன்று முதல் இரண்டு மணி நேரம், நீண்டது 60 நாள் செல்லும். 190 எண் பிழை வந்தால் டோக்கன் செத்துவிட்டது. பயனர் கடவுச்சொல்லை மாற்றியிருந்தாலும் வரும். பிழை எண் 4 என்றால் ஆப்பின் வரம்பு தாண்டியது, 17 என்றால் பயனரின் வரம்பு.

ஒவ்வொரு கிராஃப் பதிப்புக்கும் ஏறத்தாழ இரண்டாண்டு ஆயுள் என்பதால் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் யாருக்கும் மெட்டா வேலை முடித்துக் கொடுக்காதீர்கள்.

யூட்யூப், டெலிகிராம்

யூட்யூப் டேட்டா ஏபிஐ நாளுக்கு 10,000 யூனிட் (ஒவ்வோர் அழைப்புக்கும் கழியும் புள்ளி) தருகிறது. பசிபிக் நேரம் நள்ளிரவில் புதுப்பிக்கப்படும், நம் ஊரில் அது மதியம். தேடல் ஒன்றுக்கு 100 யூனிட் என்று வைத்திருந்த விலையில்தான் பலர் விழுந்தார்கள்: ஒரு சேனலின் புது வீடியோக்களைப் பார்க்கத் தேடலைப் பயன்படுத்தினால் நூறு அழைப்பில் அன்றைய கணக்கு முடிந்தது. சேனல் ஐடியின் முதல் இரண்டு எழுத்துகள் 'யூசி'. அதை 'யூயூ' என்று மாற்றினால் அந்தச் சேனலின் பதிவேற்றப் பட்டியல் கிடைக்கும். அதை ப்ளேலிஸ்ட் ஐட்டம்ஸ் வழியாகக் கேட்டால் 50 வீடியோவுக்கு 1 யூனிட். கடைசிப் 15 வீடியோ போதுமென்றால் சேனலின் ஆர்எஸ்எஸ் ஓடை (புதுப் பதிவுகளின் பட்டியல் கோப்பு) இருக்கிறது, அதற்கு யூனிட்டே இல்லை. பதிவேற்றும் கருவி எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2020 ஜூலை 28-க்குப் பிறகு உருவாக்கிய, கூகுளின் சரிபார்ப்புத் தணிக்கை முடியாத ப்ராஜெக்ட் வழியாக ஏற்றும் வீடியோக்கள் எல்லாம் பிரைவேட் நிலையில் பூட்டப்படும்.

டெலிகிராம் பற்றிக் குறைசொல்ல அதிகம் இல்லை. சொந்தக் கிளையன்ட் எழுதவே அனுமதி உண்டு, உங்கள் பெயரில் ஏபிஐ ஐடி வாங்கிக்கொண்டால் போதும். பாட்களுக்கு நொடிக்குச் சுமார் 30 செய்தி, ஒரே குழுவில் நிமிடத்துக்கு 20. பாட் வழியாக 20 எம்பிக்கு மேல் கோப்பு இறக்க முடியாது, 50 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது.

மாஸ்டடானும் ப்ளூஸ்கையும்

ட்வீட்பாட் செத்த அதே மாதம், 2023 ஜனவரி 24-இல், அதை எழுதிய டாப்பாட்ஸ், யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தக்கூடிய சமூக வலைத்தளமான மாஸ்டடானுக்கு ஐவரி செயலியை வெளியிட்டது. மாஸ்டடானில் விண்ணப்பம், திரைப்பதிவு, சான்று எதுவும் கிடையாது. ஆப்பைப் பதிவு செய்வதே ஓர் ஏபிஐ அழைப்பு. பயனர் தன் சர்வரின் பெயரைத் தட்டியதும் செயலி அங்கே தானே பதிவு செய்துகொள்ளும். இயல்பான வரம்பு ஒரு கணக்குக்கு 5 நிமிடத்தில் 300 அழைப்புகள். படம் ஏற்ற அரை மணிக்கு 30. கணக்குக்கு என்பதைக் கவனியுங்கள். பயனர்கள் கூடக்கூட செயலியின் மொத்தக் கொள்ளளவும் கூடும். ரெடிட்டின் கிளையன்ட் ஐடி முறை இதற்கு நேர்மாறு. குறை, சர்வருக்குச் சர்வர் வேறுபாடு: ஒன்றில் 500 எழுத்து, இன்னொன்றில் 5,000; ஒன்றில் முழுத் தேடல் உண்டு, மற்றதில் இல்லை. எண்களை நிரலில் பதிக்காமல் 'இன்ஸ்டன்ஸ்' எண்ட்பாயின்டைக் கேட்டு வாங்குங்கள்.

ட்விட்டரைப் போன்ற இன்னொரு தளமான ப்ளூஸ்கை 2024 பிப்ரவரியில் அழைப்பிதழ் இல்லாமல் எல்லோருக்கும் திறந்தது. எழுதுவதற்குப் புள்ளிக் கணக்கு: மணிக்கு 5,000, நாளுக்கு 35,000, உருவாக்க 3, திருத்த 2, நீக்க 1. மணிக்கு 1,666 பதிவுகள் ஆகிறது. எக்ஸின் இலவசத் திட்டம் ஒரு மாதத்துக்குத் தந்ததைப் போல மூன்று மடங்கு, ஒரு மணி நேரத்தில். எல்லாருடைய பொதுப் பதிவுகளும் ஓடும் ஃபயர்ஹோஸுக்கும் கட்டணமில்லை. புதியவர்கள் செய்யும் தவறு, ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாக லாகின் செய்வது: அதற்கு நாளுக்கு 300 என்று வரம்பு உண்டு. செஷனைச் சேமித்து, புதுப்பிக்கும் டோக்கனைப் பயன்படுத்துங்கள். முதன்மைக் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் ஆப் பாஸ்வேர்ட் (செயலிக்கென்று தனியாக உருவாக்கும் கடவுச்சொல்) எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் பதிவிடும் செயலி எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல் எக்ஸின் கணக்கில் 5, ஏனென்றால் அது மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணும். ப்ளூஸ்கை, மாஸ்டடான் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்துதான் கணக்கு, ஆக 3. யூடிஎஃப்-8 (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) பைட்டாக எண்ணினால் 15. ப்ளூஸ்கையில் இணைப்பும் ஹேஷ்டேகும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதைப் பைட் எண்ணிக்கையில்தான் சொல்ல வேண்டும். 'தமிழ் #கவிதை' என்ற பதிவில் ஜாவாஸ்கிரிப்ட் ஹேஷ்டேகின் இடத்தை 6 என்று தரும். சரியான தொடக்கம் 16, முடிவு 32. 6 முதல் 12 என்று அனுப்பினால் 'தமிழ்' என்பதன் நடுப்பகுதி நீலமாக மாறும். ஆங்கிலத்தில் சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது, அங்கே இரண்டு எண்ணிக்கையும் ஒன்றுதான். உரையை முதலில் பைட்டாக மாற்றிவிட்டு அதற்குள் தேடுவது எளிய தீர்வு.

ப்ளூஸ்கையின் பெரும்பகுதிக் கட்டமைப்பை இன்றும் ஒரே நிறுவனம்தான் நடத்துகிறது, அதுவும் முதலீட்டாளர் பணத்தில். 2006-இல் ட்விட்டரும் இப்படித்தான் தாராளமாக இருந்தது. வேறுபாடு, பயனர் தன் தரவையும் அடையாளத்தையும் தூக்கிக்கொண்டு வேறு சர்வருக்குப் போக முடியும் என்பது. நெறிமுறை பொதுவில் இருப்பதால் செயலியும் பின்னாலேயே போகலாம்.

இவற்றின் மேல் சந்தா விற்பதென்றால்

ரெடிட்டைப் போன்ற அழைப்புக் கட்டணத்தின் மேல் விலை போடும்போது சராசரிப் பயனரை வைத்துக் கணக்கிடாதீர்கள். காசு கட்டுபவர் சராசரியைவிட அதிகம் பயன்படுத்துபவர். இலேசாகப் பார்ப்பவர் கட்டண அறிவிப்பைக் கண்டதும் போய்விடுவார். 2.50 டாலர் செலவு என்றால் ஆப் ஸ்டோர் 15 சதவீதம் எடுக்கும்போதே 2.94 டாலர் விற்றால்தான் கைக்காசு போகாமல் இருக்கும், 30 சதவீதத்தில் 3.57. இருமடங்கு பயன்பாட்டுக்காரரையும் தாங்க அடுக்கு முறையோ அழைப்பு வரம்போ வேண்டும்.

ஆண்டுச் சந்தா விற்காதீர்கள். மூடும்போது அப்பல்லோவுக்குச் சுமார் 50,000 ஆண்டுச் சந்தாக்காரர்கள். திருப்பித் தர வேண்டியது ஏறக்குறைய 2,50,000 டாலர். ட்வீட்பாட் தன் கடைசிப் பதிப்பில் மூன்று வழி வைத்தது: மீதிச் சந்தாவை ஐவரிக்கு மாற்றிக்கொள்ளலாம், பணத்தைத் திரும்ப வாங்கலாம், அல்லது திருப்பித் தர வேண்டாம் என்று ஒரு பொத்தானை அழுத்தலாம். திருப்பிக் கொடுக்கும் தொகை டெவலப்பரின் வருமானத்திலிருந்தே கழிக்கப்படுவதால் அந்த மூன்றாவது பொத்தான் தேவைப்பட்டது. விற்றே ஆக வேண்டுமென்றால், கடந்துபோன மாதத்துக்கான பங்கை மட்டும் வருமானமாக எடுத்து, பாக்கி மாதங்களின் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருங்கள்.